கடைக்குச் சோபா வாங்கப் போகிறீர்களா?

செகந்தராபாத்தில் மாரெட்பள்ளி என்ற பகுதி இருக்கிறது. கிழக்கு மாரெட்பள்ளி, மேற்கு மாரெட்பள்ளி என்று இரண்டாகச் சொல்வார்கள். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. செகந்தராபாத் 1806-ல் ஆங்கிலேயரின் படை முகாமாக உருவான ஊர். அப்போது நிஜாமாக இருந்த சிக்கந்தர் ஜாவின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். படையோடு வந்த தமிழர்கள் உண்டு. ரயில் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இன்று அவர்களின் பேரன் பேத்திகள் பலவிதத் தொழில் செய்கிறார்கள்.

நீங்கள் அங்கே ஓர் அழகு நிலையம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒரு தையல் கடை. அல்லது ஒரு சின்ன மருத்துவமனை. வருகிறவர்கள் காத்திருக்க ஓர் இருக்கை வேண்டும். சோபா போட்டால் கடைக்கு ஒரு களை வரும். மகளிர் குழுவில் கடன் வாங்குகிறீர்கள். கடைக்குப் போகிறீர்கள். பளபள என்று ஒரு சோபா நிற்கிறது. உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கிறது. விலையும் கட்டுபடியாகிறது. வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

வீட்டுச் சோபாவில் ஒரு நாளைக்கு நான்கு பேர் உட்காருவார்கள். கடைச் சோபாவில் நாற்பது பேர் உட்காருவார்கள். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் 12,000 முறை. ஒருவர் மெதுவாக உட்காருவார். ஒருவர் தொப்பென்று விழுவார். குழந்தைகள் ஏறிக் குதிப்பார்கள். கைப்பிடி மேல் ஒருவர் உட்காருவார். வீட்டுக்குச் செய்த சோபா இதைத் தாங்காது. வீட்டில் பத்து வருடம் இருக்கும் சோபா கடையில் இரண்டே வருடத்தில் தொங்கிப் போகும். சோபா போய்விடும். கடன் தவணை மட்டும் பாக்கி இருக்கும்.

இன்னொரு கணக்கு. ஒரு சோபா 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு வருடம், அதாவது 24 மாதம் உழைக்கிறது. மாதத்துக்கு 375 ரூபாய் ஆகிறது. இன்னொரு சோபா 18,000 ரூபாய். அது எட்டு வருடம் உழைக்கிறது. நடுவில் ஒரு முறை ஃபோமும் துணியும் மாற்ற 5,000 ரூபாய் செலவு. மொத்தம் 23,000 ரூபாய். எட்டு வருடத்துக்கு 96 மாதம். மாதத்துக்கு 240 ரூபாய்தான் ஆகிறது. விலை இரண்டு மடங்கு. ஆனால் மாதக் கணக்கில் அதுதான் மலிவு.

அப்படியானால் விலை அதிகமான சோபாவை வாங்கினால் போதுமா? போதாது. விலை அதிகமாக இருந்தும் உள்ளே மட்டமான கட்டை இருக்கலாம். உள்ளே இருப்பதைத் துணி மறைத்துவிடும். அதனால்தான் சோபா வாங்குவது புடவை வாங்குவதைவிடக் கஷ்டம்.

சோபா நம் உடம்பைப் போன்றது. சட்டம் எலும்பு. இதைப் பட்டறையில் ஃபிரேம் என்பார்கள். ஃபோம் சதை. துணியோ ரெக்சினோ தோல். தோல் கிழிந்தால் மாற்றலாம். சதை அமுங்கினால் மாற்றலாம். எலும்பு முறிந்தால் சோபா விறகுக்குத்தான் ஆகும். ஆகவே சட்டத்தை முதலில் பார்ப்போம்.

சட்டம் எந்த மரம்?

தேக்கு நல்ல மரம். அதன் நடுப்பகுதி பழுப்பாக இருக்கும். இதை வைரம் என்பார்கள். அதில் இயற்கையாகவே ஒரு எண்ணெய்ச் சத்து இருக்கிறது. கரையான் அதை எளிதில் தொடாது. ஆனால் தேக்கு மரத்தின் வெளிப்பகுதி வெளுப்பாக இருக்கும். அது வெள்ளைக்கட்டை. அதற்கு இந்தச் சக்தி இல்லை. அதைப் பூச்சி அரிக்கும். 'எல்லாம் தேக்குதான்' என்று கடைக்காரர் சொல்வார். அது பொய் இல்லை. ஆனால் வைரமா, வெள்ளைக்கட்டையா? அதைக் கேட்க வேண்டும். சிலர் வெள்ளைக்கட்டைக்குச் சாயம் பூசிவிடுவார்கள். சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சாயம் படாத இடம் தெரியும்.

தெலங்கானாவில் அதிலாபாத் காடுகள் தேக்குக்குப் பேர் போனவை. என்றாலும் தேக்கு விலை அதிகம். முழுச் சோபாவும் தேக்காக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வெளியே தெரியும் கால், கைப்பிடி ஆகியவை தேக்காக இருக்கட்டும். உள்சட்டம் சால் மரமாக இருக்கலாம். அது கனமான, உறுதியான மரம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கதவு, சன்னல் கட்டைகள் விலைக்கு வரும். அவை பல வருடம் காய்ந்தவை. இனிமேல் அதிகம் வளையாது. அதிலும் ஆணி, பூச்சித் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரப்பர் மரமும் இப்போது நிறைய வருகிறது. கேரளாவில் 25, 30 வருடம் பால் எடுத்த பிறகு அந்த மரங்களை வெட்டுவார்கள். வெட்டியவுடன் மருந்து ஏற்றிக் காய வைத்தால் அது நல்ல கட்டை. மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூச்சி துளைக்கும். மாமரக் கட்டையும் அப்படித்தான். சாமான் வரும் பெட்டிகளைப் பிரித்த பலகையில் சட்டம் அடிப்பவர்களும் உண்டு. அந்தச் சோபாவைத் தூக்கினால் கனமே இருக்காது. கடைக்கு அது வேண்டாம்.

மாரெட்பள்ளியில் தச்சர் தெலுங்கோ இந்தியோ பேசுபவராக இருக்கலாம். தேக்கை அவர் தெலுங்கில் டேக்கு என்பார். இந்தியில் சாக்வான். மாமரம் தெலுங்கில் மாமிடி, இந்தியில் ஆம். கரையான் தெலுங்கில் செதலு, இந்தியில் தீமக். இந்த வார்த்தைகள் தெரிந்தால் நம்மை ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்.

எந்த மரமானாலும் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈரமான கட்டையில் சட்டம் அடித்தால் என்ன ஆகும்? ஹைதராபாத் வெயில் நமக்குத் தெரியும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். கட்டை காய்ந்து சுருங்கும். இணைப்பு தளரும். சோபா 'கிரீச், கிரீச்' என்று கத்தும். நல்ல பட்டறையில் பலகைகளை நடுவில் சின்னக் குச்சிகள் வைத்து அடுக்கியிருப்பார்கள். காற்றுப் புகுந்து காய்வதற்காக அப்படி அடுக்குகிறார்கள். பட்டறைக்குப் போனால் இதைக் கவனியுங்கள்.

சில சட்டங்களில் பிளைவுட் போடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பலகையின் மேல் எழுத்து அச்சிட்டிருக்கும். எம்.ஆர். என்று இருந்தால் அது சாதாரண ஈரத்தை மட்டும் தாங்கும். பி.டபிள்யூ.ஆர். என்று இருந்தால் கொதிக்கும் நீரையும் தாங்கும் பசை போட்டது. கடைச் சோபாவுக்கு இரண்டாவதே நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டவே வேண்டாம். அதன் ஓரத்தில் திருகாணி நிற்காது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

இரும்புச் சட்டம் எப்படி? தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கும் மருத்துவமனைக்கு அதுதான் பொருத்தம். கரையான் பயம் இல்லை. ஓர் அங்குலச் சதுரக் குழாய் போடுவார்கள். குழாயின் கனத்தை கேஜ் என்று சொல்வார்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கேஜ் எண் குறைந்தால் கனம் அதிகம். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். '18 பெரிய நம்பர், அதுதான் கெட்டி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெல்டிங் சுற்றிலும் முழுதாக இருக்க வேண்டும். இரண்டு பொட்டு வைத்து விட்டுவிடக் கூடாது. பெயிண்டுக்கு அடியில் ரெட் ஆக்சைடு பூசியிருக்க வேண்டும். காலின் அடியில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கிற தண்ணீர் குழாய்க்குள் ஏறி உள்ளிருந்தே துருப் பிடிக்கும்.

இணைப்பைப் பாருங்கள்

மரம் நன்றாக இருந்தும் சோபா ஆடுவது உண்டு. காரணம் இணைப்பு. வெறும் ஆணி அடித்த இணைப்பு சீக்கிரம் கழன்றுவிடும். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி, இன்னொரு கட்டையின் துளையில் இறக்கிப் பசை போட வேண்டும். அல்லது பசை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். மூலைகளில் முக்கோணமாக ஒரு சின்னக் கட்டை வைத்து முடுக்கியிருந்தால் இன்னும் நல்லது. மூன்று பேர் உட்காரும் சோபா ஆறடி நீளம் இருக்கும். அதற்கு நடுவிலும் கால் வேண்டும்.

துணி போர்த்திய பிறகும் சட்டத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சோபாவின் முன்கால் ஒன்றை மட்டும் தூக்குங்கள். அரை அடி உயரம் தூக்குவதற்குள் அடுத்த முன்காலும் தரையிலிருந்து எழும்ப வேண்டும். அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அந்தச் சோபா நமக்கு வேண்டாம். இதைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதிலிருந்தே ஒரு செய்தி தெரிந்துகொள்ளலாம்.

ஃபோமைத் தராசில் போடுங்கள்

சட்டத்தின் மேல் நாடா அல்லது ஸ்பிரிங் வரும். நாடாக்கள் குறுக்கும் நெடுக்கும் பாய் பின்னியது போல நெருக்கமாக இருக்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் கம்பி ஸ்பிரிங் கடைக்கு நன்றாக உழைக்கும். அதன் மேல்தான் ஃபோம்.

முன்காலத்தில் இலவம் பஞ்சும் தென்னை நாரும் அடைத்தார்கள். இன்று பெரும்பாலும் ஃபோம்தான். ஃபோமில் டென்சிட்டி என்று ஓர் எண் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பதே அந்த எண். 40 டென்சிட்டி என்றால் 40 கிலோ. 20 டென்சிட்டி என்றால் 20 கிலோ. கடைச் சோபாவின் உட்காரும் பகுதிக்கு 40 நல்லது. 32-க்குக் கீழே போகக் கூடாது. முதுகுப் பகுதிக்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே முழுப் பாரம் விழுவதில்லை.

கடைக்காரர் 40 என்று சொல்கிறார். அது 40-தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காய்கறிக் கடைத் தராசு போதும். உட்காரும் ஃபோம் இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், நான்கு அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். 40 டென்சிட்டியானால் அது ஒன்றரைக் கிலோ இருக்கும். 32 ஆனால் ஒரு கிலோ 200 கிராம். 20 ஆனால் முக்கால் கிலோதான். மோண்டா மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம். பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது பார்க்கக் கூடாதா?

ஒரு எச்சரிக்கை. எடை கூடுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்து ஃபோம் செய்பவர்கள் உண்டு. ஒரு சின்னத் துண்டை விரலால் நன்றாகத் தேயுங்கள். மாவு போல உதிர்ந்தால் அது கலப்பு. நல்ல ஃபோமை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் உடனே பழைய உயரத்துக்கு வரும்.

'கெட்டியாக இருக்கிறது, அதனால் டென்சிட்டி அதிகம்' என்று எண்ணிவிடாதீர்கள். கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி வேறு. கெட்டியாக இருந்தும் சீக்கிரம் அமுங்கிப் போகும் ஃபோம் உண்டு.

ரெக்சினா, துணியா, தோலா?

ரெக்சின் என்பது உண்மையில் ஒரு கம்பெனி வைத்த பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் அதைச் செய்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இன்றைய ரெக்சின், துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியது. அந்தப் பூச்சில் இரண்டு வகை முக்கியம். ஒன்று பி.வி.சி. இன்னொன்று பி.யு. பி.யு. தொடுவதற்கு மிருதுவாக, நிஜத் தோல் போலவே இருக்கும். ஆனால் மலிவான பி.யு. வியர்வையிலும் ஈரக் காற்றிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும். கறுப்புச் செதில்கள் வாடிக்கையாளர் புடவையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கடைக்கு நல்ல கனமான பி.வி.சி. ரெக்சினே மேல். வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் துணி கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு கையாலும் இழுத்தால் பூச்சில் கோடு விழக் கூடாது.

ரெக்சினுக்கு ஒரு பகைவன் இருக்கிறது. அது நம் தலை எண்ணெய். பி.வி.சி. வளைவதற்காக அதில் ஓர் எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். தலை எண்ணெயும் வியர்வையும் அதை வெளியே இழுத்துவிடும். ரெக்சின் விறைத்துப் போய் வெடிக்கும். சோபாவில் தலை படும் இடம் முதலில் வெடிப்பது இதனால்தான். இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் என்ற தலை எண்ணெயைப் பூசினார்கள். நாற்காலிகள் எல்லாம் கறையாயின. அதனால் பெண்கள் நாற்காலி முதுகில் சின்னத் துணி போட்டார்கள். அதற்கு 'ஆன்டி மக்காசர்' என்றே பெயர் வந்தது. மக்காசருக்கு எதிரி என்று பொருள். நீங்களும் சோபா முதுகில் ஒரு துணி போடுங்கள். வாரம் ஒரு முறை துவைத்துவிடலாம்.

துணி உறை வெயில் காலத்துக்குச் சுகம். ரெக்சினைப் போல முதுகில் ஒட்டாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சல்லடை போல வெளிச்சம் வந்தால் அது கடைக்கு ஆகாது. சோபாத் துணியை இயந்திரத்தில் தேய்த்துச் சோதிப்பார்கள். எத்தனை தேய்ப்புக்குத் தாங்குகிறது என்று மாதிரித் துணிப் புத்தகத்தின் பின்னால் எழுதியிருக்கும். வீட்டுக்கு 15,000, 20,000 போதும். கடைக்கு 30,000-க்கு மேல் இருக்கட்டும். ஜிப் வைத்துக் கழற்றும் உறையாகத் தைக்கச் சொல்லுங்கள். தையல் நூல் பருத்தியாக இருக்கக் கூடாது. பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் வேண்டும்.

நிஜத் தோல் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிறையப் பதனிடுகிறார்கள். நன்றாக உழைக்கும். ஆனால் சிறு கடைக்கு அந்த விலை கட்டாது.

தீயை மறக்காதீர்கள்

2023-ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று செகந்தராபாத்தில் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் தீப்பிடித்தது. ஆறு பேர் இறந்தார்கள். எல்லாரும் வேலைக்கு வந்த இளம் வயதினர். தீ எப்படி வந்தது என்பது வேறு கதை. அது சோபாவால் வந்த தீ என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உயிரை எடுத்தது புகை. அதை நினைவில் வையுங்கள்.

சாதாரண ஃபோம் மிக வேகமாக எரியும். எரியும்போது கரும்புகை கக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். சயனைடு வாயுவும் இருக்கும். சில நிமிடங்களில் மனிதர் மயங்கி விழுவார். 1979 மே மாதம் மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடையில் அடுக்கி வைத்த ஃபோம் சோபாக்கள் எரிந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1988-ல் அந்த நாட்டில் எளிதில் தீப்பற்றும் சோபாக்களை விற்கக் கூடாது என்று விதி வந்தது. நம் நாட்டிலும் பொது இடங்களில் போடும் மெத்தை இருக்கைகள் எளிதில் தீப்பற்றுகின்றனவா என்று சோதிக்க ஒரு தரம் இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 15768. சோபா வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தீயை மட்டுப்படுத்தும் மருந்து கலந்த ஃபோமும் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடும்.

எந்தச் சோபாவானாலும் வாசலை அடைத்துப் போடாதீர்கள். சோபாவுக்கு அடியில் மின்கம்பி ஓடக் கூடாது. கொசுவர்த்தி, ஊதுபத்தி அதன் பக்கத்தில் வேண்டாம். முடி நேராக்கும் சூடான கருவியைச் சோபா மேல் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

போர்த்துவதற்கு முன்னால் வருகிறேன்

முடிந்தால் தயாராக நிற்கும் சோபாவை வாங்காமல் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

"பாய், சட்டம் அடித்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். துணி போர்த்துவதற்கு முன்னால் நான் வந்து பார்க்கிறேன்."

"எதுக்கும்மா அலையறீங்க? முடிச்சு கடைக்கே கொண்டு வந்து தரேன்."

"அலைச்சல் இல்லை பாய். பார்த்துவிட்டு அங்கேயே பாதிப் பணம் கொடுத்துவிடுகிறேன்."

அந்தக் கடைசி வரிக்குப் பலன் உண்டு. போய்ப் பார்க்கும்போது செல்போனில் சட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோமை எடை போட்டுப் பாருங்கள். ரெக்சினிலோ துணியிலோ இரண்டு மீட்டர் அதிகம் வாங்கி வையுங்கள். பிறகு கிழிந்தால் அதே நிறம் கிடைக்காது.

வாயால் பேசியதைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு அது பத்து நிமிட வேலை. இப்படி எழுதலாம்:

சோபா – 2. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரும் அளவு.
கால், கைப்பிடி – தேக்கு, வைரப் பகுதி.
உள்சட்டம் – காய்ந்த சால் மரம். மூலைக்கட்டை உண்டு. பசையும் திருகாணியும் போட வேண்டும்.
அடியில் – வளைந்த கம்பி ஸ்பிரிங்.
உட்காரும் ஃபோம் – 40 டென்சிட்டி, நான்கு அங்குலம். எடை போட்டுக் காட்ட வேண்டும்.
மேலுறை – பி.வி.சி. ரெக்சின், பழுப்பு நிறம். நைலான் நூல்.
மொத்த விலை – ............ ரூபாய்.
முன்பணம் – ............ ரூபாய்.
சட்டம் பார்த்த பிறகு – ............ ரூபாய்.
சோபா கடைக்கு வந்த பிறகு – ............ ரூபாய்.
தேதி. இருவர் கையெழுத்து.